என்-6 தெரிகிறது, பக்கம் நகரவில்லை: பத்திர எழுத்தர் ஒருவரின் வாசிப்பு வேகம்

பின்னணி

இந்தக் குறிப்பு 76 வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பற்றியது. மேலூர்ப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரே, நீலத் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் அவருக்கு மேசை. புதிய பத்திரங்களைக் கணினியில் அடித்துத் தருவது பக்கத்து மேசை இளைஞர். பெரியவரைத் தேடி வருபவர்கள் பழைய பத்திரத்தோடு வருவார்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எதுவாகவும் இருக்கும். முத்திரைத்தாளில் மை மங்கிய கையெழுத்து. அதைப் படித்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது, எத்தனை சென்ட், நான்கு மால் (நான்கு பக்க எல்லை) என்ன என்று சொல்லிவிடுவார். வட்டாரத்தில் அவருக்கு இருந்த மதிப்பு அந்த வாசிப்பால் வந்ததுதான்.

இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து லென்ஸ் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. பீடிப் பழக்கம் இளவயதிலிருந்து.

நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடியாலோ அறுவை சிகிச்சையாலோ முழுதாகச் சரிசெய்ய முடியாத பார்வையை வைத்துக்கொண்டு அன்றாட வேலையைச் செய்ய வழி பார்ப்பது எங்கள் வேலை. பெரியவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவர் பெயரோ சரியான ஊர்ப் பெயரோ இதில் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன்

ஓராண்டாகவே வாசிப்பு மந்தமாகி வந்திருக்கிறது. முதலில் அவர் கண்ணாடியைக் குறை சொன்னார். கடையில் பவரைக் கூட்டிக் கொடுத்தார்கள். போதவில்லை என்று மறுபடி போனபோது இன்னும் கூட்டினார்கள். எங்களிடம் வந்தபோது கிட்டப்பார்வைக்குப் போட்டிருந்தது கூடுதலாக 4.00. அந்தப் பவருக்குத் தாளை 25 சென்டிமீட்டரில் பிடித்தால்தான் எழுத்து தெளியும். மகன் டவுன்ஹால் ரோட்டில் கைப்பிடி வைத்த பெரிய பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வைத்துப் படித்தால் இன்னும் மோசம் என்று பெரியவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து ஒருவருக்கு எழுத்து குறைவாகத் தெரியும் என்றால் யார்தான் நம்புவார்கள்?

வேறு ஓர் இடத்தில் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிகப் பொடி எழுத்து உள்ள கடைசி வரியான என்-6 வரை படித்துவிட்டார். "பார்வை நல்லாத்தான் இருக்கு, வயசானா கொஞ்சம் நிதானமாத்தான் படிக்க முடியும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நடந்தது ஒரு சர்வே எண் விவகாரம். பழைய பத்திரத்தில் 148/2 என்று இருந்ததை 48/2 என்று படித்துச் சொல்லிவிட்டார். அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு வாங்கிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய நிலம். பணம் கட்டியவர் கொட்டகைக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து பெரியவர் பழைய பத்திரம் எதையும் கையில் வாங்குவதில்லை. கொட்டகைக்குப் போவார், உட்கார்ந்திருப்பார், திரும்பி வருவார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மறதி நோய் ஆரம்பம் என்று மகனுக்குப் பயம். மருமகள் கவனித்தது வேறு. அவர் எங்களிடம் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்து வைத்தேன்:

"கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு எம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கு, அது பிடிபடலேங்கிறாரு மாமா. மாத்திரை அட்டையில இருக்கிற பொடி எழுத்தை கடகடன்னு படிக்கிறாரு. எதை நம்புறதுன்னே தெரியல."

நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான குறிப்பு முழுதும் இந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் பரிசோதனையில் பார்த்தது

மாட்டுத்தாவணியில் இறங்கி மகன், மருமகள், கூடத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் என நாலு பேராக வந்தார்கள். தூரப்பார்வை வலது கண்ணில் 6/9, இடது கண்ணில் 6/12. கிட்டப்பார்வை நல்ல வெளிச்சத்தில் என்-6. இந்த வயதுக்கு இந்த எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறதிச் சந்தேகத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. அவருக்குத் தெரியாத ஒரு சொத்து விவரத்தை நான் வாசித்துக் காட்டினேன். நான்கு பக்க எல்லை, நீள அகலம், எண் எல்லாவற்றையும் கேட்டு, சிறிது நேரம் கழித்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். போதாதென்று, "கிழக்கே ஓடைன்னு சொன்னியே தாயி, ஓடைப் புறம்போக்கா, பட்டா ஓடையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மருத்துவர் செய்த நினைவாற்றல் சோதனையிலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

வாய்விட்டுப் படிக்கச் சொல்லி வேகத்தை அளக்கப்போகிறோம் என்பதால் நாக்கையும் மூச்சையும் பார்க்க வேண்டியிருந்தது. பல்செட் போட்டவர். சித்திரை முதல் பங்குனி வரை மாதப் பெயர்களைச் சொல்லச் சொன்னோம், வாய்ப்பாடு சொல்லச் சொன்னோம். தடையில்லாமல் வந்தது. வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் வாய் இல்லை.

அடுத்து, அவருக்குப் பழகிய எழுத்தாகவே இருக்கட்டும் என்று ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். நன்றாகவே படித்தார். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற பகுதியெல்லாம் ஓட்டமாக ஓடியது. தபசிலுக்கு, அதாவது சொத்து விவரப் பகுதிக்கு, வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் திருப்புகிறார், தாளை நகர்த்துகிறார், ஒரு எண்ணை இரண்டு முறை படிக்கிறார். விஷயம் இதுதான்: பத்திரத்தின் முன்பகுதி அவருக்கு மனப்பாடம். வரிக்கு ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், மீதியை நாக்கு சொல்லிவிடும். தபசிலில் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வயதானவர்களின் வாசிப்பை அளக்கும் எவரும் இதை மனதில் வைக்க வேண்டும். அவரவர் தொழிலில் புழங்கிய நடை, தினமும் சொல்லும் கவசம், பாராயணம் போன்றவற்றைக் கொடுத்து நேரம் குறித்தால், கண் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியாது. பழக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்றுதான் தெரியும்.

வேகத்தை அளந்த விதம்

வாசிப்பு வேகத்துக்கு உலகெங்கும் பயன்படும் அட்டை ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்என்ரீட். அதில் ஒவ்வொரு வாக்கியமும் இடைவெளி உட்பட 60 எழுத்து, மூன்று வரி. எழுத்தின் அளவு மேலிருந்து கீழே படிப்படியாகக் குறையும். ஒவ்வொரு படியும் முந்தையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறியது. வாக்கியத்தைப் படிக்க எத்தனை நொடி, எத்தனை சொல் தவறு என்று குறித்தால் மூன்று விஷயம் கிடைக்கும். எவ்வளவு சிறிய எழுத்து வரை படிக்க முடிகிறது, உச்ச வேகம் என்ன, எந்த அளவுக்குக் கீழே போனால் வேகம் சரியத் தொடங்குகிறது.

இதில் முதலாவதை மட்டும்தான் சாதாரண எழுத்து அட்டை சொல்லும். பெரியவருக்கு அதுவரை எல்லோரும் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

ஆங்கில அட்டையை வைத்துத் தமிழ் வாசகரை அளக்க முடியாது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கும் தமிழுக்கு ஒத்துவராது. "பூ" ஒரு சொல். "வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்பதும் ஒரு சொல், அதில் 19 எழுத்து. இரண்டையும் ஒன்று என்று எண்ணினால் யார் வேகம், யார் மந்தம் என்பதைத் தாளே தீர்மானித்துவிடும். அதனால் எங்கள் பிரிவில் எழுத்துக் கணக்கில்தான் அளக்கிறோம். "கொ" ஒரு எழுத்து, "ந்" ஒரு எழுத்து. ஒவ்வொரு தாளிலும் சரியாக 100 எழுத்து. ஆரம்பப் பள்ளிப் பாடநூல் அளவுக்கு எளிய நடை, யாருக்கும் மனப்பாடம் ஆகியிருக்காத பொருள். ஒரே எழுத்துரு. ஒரே அளவுக்கு வெவ்வேறு வாசகத்தில் பல தாள்கள் இருக்கும், மறுமுறை வரும்போது பழையது நினைவில் இருந்து ஏமாற்றக்கூடாது அல்லவா.

தூரம் 40 சென்டிமீட்டர். அதற்கேற்ற பவரைச் சோதனைச் சட்டத்தில் போட்டு, சட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, நூல் தளராமல் தாளைப் பிடிக்கச் சொல்வோம். மேசையில் லக்ஸ் மீட்டர் வைத்து வெளிச்சத்தைக் குறித்துக்கொள்வோம். தாளை மூடி வைத்திருந்து, திறந்த கணத்தில் கடிகாரத்தை அழுத்துவோம். தவறவிட்ட எழுத்துகளைக் கழித்துக்கொள்வோம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978ல் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் தும்பிக்கை போட்ட லை, ணை, னை எழுதிப் பழகியவர்கள். பழைய வடிவத்தில் அச்சான ஒரு பக்கத்தையும் அவருக்குக் கொடுத்துப் பார்த்தோம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். தடுமாறியது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்.

கிடைத்த அளவுகள்

வழக்கப்படி பெரிய எழுத்திலிருந்து தொடங்கினோம். 40 பாயிண்டில் 100 எழுத்தைப் படிக்க 88 நொடி, அதாவது நிமிடத்துக்கு 70 எழுத்துக்கும் குறைவு. 24 பாயிண்டில் 55 நொடி. எழுத்து சிறிதாகச் சிறிதாக வேகம் கூடிக்கொண்டே போனது. 12 பாயிண்டில் 33 நொடி, 10 பாயிண்டில் 30 நொடி. அதன் பிறகுதான் இறக்கம். 8 பாயிண்டில் 36, 6 பாயிண்டில் 62. அதற்குக் கீழே முடியவில்லை.

சாதாரணமாக இந்த வரைபடம் மேசை மாதிரி இருக்கும். பெரிய எழுத்திலிருந்து நடுத்தரம் வரை வேகம் ஒரே மட்டமாக வந்து, ஓரத்தில் சட்டென்று விழும். கூட வந்த நண்பருக்கும் எழுபது கடந்துவிட்டது, அதே தொழில். அவர் சம்மதத்தோடு அவரையும் படிக்கச் சொன்னோம். 40 பாயிண்டிலிருந்து 10 பாயிண்ட் வரை எல்லாத் தாளும் 14, 15 நொடிக்குள் முடிந்தது. ஒருவரை வைத்து வயதுக்கான அளவைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை அந்த அறையில் நிறுத்த அது போதுமாக இருந்தது. வயதாக ஆக வாசிப்பு மந்தப்படுவது உண்மை. எம்என்ரீட் அட்டையில் ஆங்கில வாசகர்களுக்குக் கிடைத்த அளவுகளில், இருபதுகளில் நிமிடத்துக்கு 200 சொல் அளவில் இருக்கும் உச்ச வேகம் எண்பதைத் தொடும்போது 175 அளவுக்கு வருகிறது. அது எட்டில் ஒரு பங்கு இறக்கம். பெரியவருடையது அவர் வயதை ஒட்டிய நண்பரின் வேகத்தில் பாதியைத் தாண்டவில்லை.

வேகம் மட்டும் இல்லை, பிழைகளும் ஒரு பக்கமாக விழுந்தன. பெரிய எழுத்தில் சொல்லின் தலையை விட்டுவிடுகிறார். "பெருங்காயம்" காயம் ஆனது. எண்களில் முதல் இலக்கம் காணாமல் போனது.

கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தபோது மருத்துவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், செல்கள் அழிந்த இடத்தைக் காட்டும் ஆட்டோஃப்ளோரசன்ஸ் படமும் அதை உறுதி செய்தன. வயது சார்ந்த மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு, உலர் வகை, முற்றிய நிலை. விழித்திரையின் மையத்தைச் சுற்றி லாடம் போல ஒரு வளையத்தில் செல்கள் அழிந்திருந்தன. நட்ட நடுவில் ஒரு சின்னத் திட்டு மட்டும் பிழைத்திருந்தது. அந்தத் திட்டால்தான் அவர் என்-6 படிக்கிறார்.

வலது கண்ணில் அந்தத் திட்டின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. 40 சென்டிமீட்டர் தூரத்தில் 1 டிகிரி என்பது தாளில் 7 மில்லிமீட்டர். அப்படியானால் அவர் ஒரு நேரத்தில் பார்ப்பது தாளில் 14 மில்லிமீட்டர் அகலத்தை. செய்தித்தாள் எழுத்தில் அங்கே நாலைந்து எழுத்து அடங்கும். கடைக்காரர் கொடுத்த 4.00 பவரைப் போட்டுத் தாளை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அந்த ஜன்னலில் அடங்குவது 9 மில்லிமீட்டருக்கும் குறைவு, மூன்று எழுத்து. அதன்மேல் பூதக்கண்ணாடியையும் வைத்தால் ஒரு எழுத்து, ஒன்றரை எழுத்து. தமிழில் "ணௌ", "ஞை" போல அகலமான எழுத்துகள் வேறு. மாப்பிள்ளை பெயர் தெரியாமல் மாத்திரை அட்டை தெரிந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். மாமா பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. செல்கள் அழிந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நாம் நினைப்போம். அப்படித் தெரிவதில்லை. சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடும். 148/2ல் 1 என்ற இலக்கம் இருந்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது வெறும் தாள். அதனால் எதையோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகமே அவருக்கு வர வழியில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இல்லை. இந்த வகைக்கு 2023ல் அமெரிக்காவில் இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அவையும் அழிவு பரவும் வேகத்தைக் குறைப்பவை, போன பார்வையைத் தருபவை இல்லை. மருத்துவர் இதை மறைக்காமல் பெரியவரிடமே சொன்னார். பீடியை விடச் சொன்னார். இந்த நோய்க்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் புகைதான் முதலாவது.

எங்கள் பிரிவில் கருத்து வேறுபாடு ஒன்று எழுந்தது. மாகுலா சிதைவு என்றால் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் மின்னணுக் கருவியைச் சிபாரிசு செய்யலாம் என்று மூத்த சகா ஒருவர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு அது சரி, நடுப்பகுதியே போய்விட்டவர்களுக்கு அதுதான் துணை. இவருடைய அளவுகளோ எதிர்த்திசையில் கை காட்டின. விலை கூடிய கருவியை வாங்கி, அதில் ஒரு எழுத்து ஒரு எழுத்தாகப் பார்த்து வெறுத்துப்போவார் என்று நான் சொன்னேன். இருந்த கருவியில் அவரையே உட்கார வைத்துப் பார்த்தோம். பெரிதாக்கப் பெரிதாக்க நொடிகள் கூடின. சகா ஒத்துக்கொண்டார்.

ஆகவே முதல் வேலையாகப் பவரைக் குறைத்தோம். 4.00 போய் 2.50 வந்தது, தாள் 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிப்போனது. "பவரைக் குறைச்சா எப்படித் தாயி தெரியும்?" என்று கேட்டவர், போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியை மகனிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். மகனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

இரண்டாவது வெளிச்சம். பெரிதாக்க முடியாது என்றால் எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. வயதான கண்ணில் கண்மணி சுருங்கிவிடும். 20 வயதில் விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இவருக்குப் புரை எடுத்து வைத்த லென்ஸ் தெளிவாக இருந்தாலும், நோய்ப்பட்ட மாகுலாவுக்கு மற்றவர்களைவிட ஒளி அதிகம் வேண்டும். கழுத்தை வளைக்கக்கூடிய எல்இடி மேசை விளக்கு ஒன்றை இடப்பக்கம், தாளுக்கு மிக அருகே, கண்ணில் அடிக்காதபடி வைத்தோம். கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி பிளவு வெட்டி, தாளின்மேல் வைத்து நகர்த்தச் சொன்னோம். அதே 10 பாயிண்ட், வேறு வாசகம். 23 நொடி. 8 பாயிண்ட் 25 நொடிக்கு வந்தது.

நிமிடத்துக்கு 200 எழுத்திலிருந்து 260. நண்பரின் வேகத்துக்கு இன்னும் எங்கேயோ இருக்கிறது. ஆனால் அட்டையை நகர்த்திக்கொண்டே பெரியவர் தபசிலை முழுதாகப் படித்தார், நிற்கவில்லை.

கொட்டகையின் புகைப்படத்தை மகன் செல்பேசியில் காட்டினார். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் பகலிலும் தாள் நீலம் பூத்து, மங்கிய மையும் அதுவும் கலந்துபோயிருந்தது. மேசையைத் தார்ப்பாயின் விளிம்புக்கு, வெயில் நேரே விழாத வெளிச்சப் பக்கம் நகர்த்தச் சொன்னோம். சல்லிக் காசு செலவில்லாத யோசனை. அதனால் கிடைத்த பலனும் விளக்குக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று பின்னால் அவர் சொன்னார்.

நீண்ட நேரம் படித்தால் வேகம் சரிகிறதா என்றும் பார்த்தோம். பத்து நிமிடம் தொடர்ந்து செய்தித்தாள் படித்ததில் கடைசி நிமிடத்தில் வேகம் முதல் நிமிடத்தைவிட நன்றாகவே குறைந்திருந்தது. கண் சிமிட்டுவதும் குறைந்து கண் உலர்ந்திருந்தது. சொட்டு மருந்தும், கால் மணிக்கு ஒருமுறை ஓய்வும்.

கடினமான முடிவு எண்களைப் பற்றியது. வேகம் கூடினாலும் இலக்கம் விடுபடும் ஆபத்து போகாது. சர்வே எண், பரப்பு, தொகை, தேதி இவற்றை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படிக்க வேண்டும், பக்கத்து மேசை இளைஞர் தனியாகப் படித்து இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றோம். தொழிலையே விட்டுவிடச் சொல்லுங்கள் என்று மகன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது, எங்கே தவறும் என்பதைப் பெரியவரிடம் விளக்கிவிட்டோம், மேற்கொண்டு அவர் முடிவு என்று சொன்னேன். பெரியவர் தொழிலுக்குப் போனார்.

உலர் வகை சில சமயம் ரத்தக்கசிவு வகையாக மாறும், அதற்கு உடனே ஊசி போட வேண்டும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிக் கட்டம் போட்ட அட்டையைப் பார்க்கப் பழக்கினோம். ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால் அன்றே கிளம்பி வர வேண்டும் என்று மருமகளிடமும் சொன்னோம். இந்த வீட்டில் கவனிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

மூன்று மாதம் கழித்து

10 பாயிண்டில் 22 நொடி. கூடவில்லை, குறையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நொடி வித்தியாசம் தாளுக்குத் தாள் வருவது. பெரிய எழுத்தில் அதே தடுமாற்றம். பழைய பத்திரங்கள் மறுபடி மேசைக்கு வரத் தொடங்கியிருந்தன. முன்பு உடனுக்குடன் சொல்லியனுப்பியவர், இப்போது வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொல்கிறார், காலை வெளிச்சத்தில் படிக்கிறார். இலக்கத் தவறு எதுவும் வெளியே போகவில்லை. இளைஞர் இரண்டு முறை பிடித்திருக்கிறார். ஒருமுறை இளைஞர் தவறியதைப் பெரியவர் பிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

செல்பேசியில் எழுத்தை மிகப் பெரியதாக வைத்திருந்தார்கள். நடுத்தரத்துக்கு இறக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக் கொடுத்தோம். வாட்ஸ்அப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அதில் வீட்டாருக்கு முழு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

பீடி பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு

அடுத்த ஆண்டு வந்தபோது தூரப்பார்வை வலது கண்ணில் 6/12. எழுத்து அட்டையில் ஒரே ஒரு படி இறக்கம். வாசிப்புத் தாளில் கதை வேறு. விளக்கு, பிளவு அட்டை எல்லாம் இருந்தும் 10 பாயிண்டில் 41 நொடி. வேகத்தின் உச்சமே கீழே இறங்கிவிட்டது. படத்தில் நடுத் திட்டு சுருங்கியிருந்தது. எழுத்து அட்டையை மட்டும் நம்பியிருந்தால் "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று எழுதி முடித்திருப்போம்.

பழைய வழிகளால் இனி அதிக நாள் தள்ள முடியாது என்று தெரிந்ததால் அப்போதே அடுத்ததைத் தொடங்கினோம். அழியாத பக்கத்து விழித்திரையால் பார்க்கும் பயிற்சி: எழுத்துக்குச் சற்று மேலே பார்வையை வைத்து, கீழ்க்கண்ணால் படிப்பது போல. நடுத் திட்டு வேலை செய்யும்வரை கண் அங்கேயே ஓடும் என்பதால் இது எளிதில் பிடிபடாது. நடுத் திட்டு மிச்சமிருக்கும்போதே அறிமுகமாவது நல்லது என்று நினைத்தோம். அந்தப் பார்வைக்கு எழுத்து பெரிதாக வேண்டும். ஆகவே மகன் பீரோவில் வைத்திருந்த பூதக்கண்ணாடி இனிமேல்தான் பயன்படும். அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்தால் வாசித்துக் காட்டும் செயலியைச் செல்பேசியில் போட்டுக் கொடுத்தோம். அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது. முத்திரைத்தாள் கையெழுத்தில் உளறுகிறது.

கையெழுத்துப் பத்திரங்களை இப்போது இளைஞர் வாய்விட்டு வாசிக்கிறார், பெரியவர் கேட்டுப் பொருள் சொல்கிறார். "மேற்படி" எங்கே எதைக் குறிக்கிறது, பழைய அளவைச் சென்ட்டுக்கு எப்படி மாற்றுவது என்பதெல்லாம் இளைஞருக்கு அப்படித்தான் பழகி வருகிறது. கட்சிக்காரர்கள் கொடுப்பதை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் நடைமுறையில் மாறியது

கிட்டப்பார்வைக் கட்டத்தில் என்-6 என்று எழுதிவிட்டுப் போவது எங்கள் பிரிவில் நின்றுவிட்டது. அறுபது கடந்து வாசிப்புச் சிரமம் சொல்லும் ஒவ்வொருவருக்கும் பெரிய, நடுத்தர, சிறிய என்று மூன்று தாளாவது நொடிக் கணக்கோடு எடுக்கிறோம். ஐந்து நிமிட வேலை. பெரிய எழுத்தில் வேகம் குறைந்து நடுத்தரத்தில் கூடினால், என்-6 எவ்வளவு நன்றாக இருந்தாலும், கண்மணியை விரித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

பெரிதாக்கும் கருவி எதையும் அதை வைத்தே வேகத்தை அளக்காமல் எழுதிக் கொடுப்பதில்லை. ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும்.

படிவத்தில் வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். இவை இல்லாமல் சென்ற ஆண்டின் 23 நொடியையும் இந்த ஆண்டின் 41 நொடியையும் ஒப்பிட்டு என்ன பயன்? படிக்கக் கொடுத்த தாளின் எண்ணையும் குறிக்கிறோம். பிழைகள் சொல்லின் தலையில் விழுகின்றனவா, வாலில் விழுகின்றனவா என்பதற்கும் ஒரு வரி. வால் பக்கம் தொடர்ந்து விழுந்தால் விழித்திரையோடு நிறுத்தாமல், பக்கவாதத்தால் வலப்புறப் பார்வை போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இடமிருந்து வலமாகப் படிக்கும் எழுத்தில் வாசிப்பை அதிகம் முடக்குவது வலப்பக்க இழப்புதான்.

கூட வந்தவர்களிடம் ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: வீட்டில் எதைப் படிக்கிறார், எதைப் படிக்கச் சிரமப்படுகிறார்? பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறோம்.